கார் சேலில் சொன்ன வார்த்தை

பண்டாரவளையிலிருந்து இறங்கிவரும் வீதியும் வெலிமடைப் பக்கமிருந்து வரும் வீதியும் ஹாலிஎலயில் ஒன்றுசேர்ந்துதான் பதுளைக்குப் போகின்றன. அந்தச் சந்தியில் சற்று நேரம் நின்று போகிற வருகிற வாகனங்களைப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய பழைய வான், மரக்கறி மூட்டைகளோடு முனகிக்கொண்டு ஏறும் டிமோ பட்டா, தோட்டத்து மேட்டுப் பாதைக்குத் திரும்பும் ஆட்டோ, நான்கு பேருக்கான இடத்தில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகும் மாருதி. இவற்றில் முதல் உரிமையாளரிடமே இன்னும் இருப்பவை எத்தனை? மிகச் சில. ஊவாவின் தோட்டப்புறம் ஓடுவது இரண்டாம் கை, மூன்றாம் கை வாகனங்களில். அவற்றில் பெரும்பகுதி கார் சேல்களிலும் புரோக்கர்மாரிடமும் வாங்கியவை.

அந்த வாகனத்துக்குக் கொடுத்த காசு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தோட்டத்தில் ஐம்பது வயதை முடித்த அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வரும் அந்த ஒரே தொகையை மகனின் ஆட்டோவுக்கோ வானுக்கோ கொடுத்துவிடுவது நம் லயங்களில் வழக்கமாகிவிட்டது. அல்லது குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்து அக்கா அனுப்பிய பணம். அதுவும் போதாமல் லீசிங். நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவுக்கு உயர்ந்தது. இந்தக் கணக்கில் வாழும் குடும்பம் பதினைந்து இலட்சம், இருபது இலட்சம் ரூபாவுக்கு ஒரு வாகனம் வாங்குகிறது என்றால், அது அந்தக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் ஆகப்பெரிய கொடுக்கல் வாங்கல். பலர் வீடுகூடச் சொந்தமாக வாங்கியதில்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம்.

அப்படி வாங்கிய வாகனம் சொன்னபடி இல்லாவிட்டால் என்ன செய்வது? “வாங்கியாச்சு, இனி என்ன செய்ய?” என்பதுதான் நம் மக்களின் பதில். கராஜ் பாஸிடம் கொண்டுபோய், இருக்கிற நகையை அடகு வைத்து எஞ்ஜினைத் திருத்தி, இரண்டு வருடம் இழுத்தடித்து, அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொய் சொல்லி விற்ற வியாபாரி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அதைக் கேட்பது பிச்சையும் அல்ல, சண்டித்தனமும் அல்ல. இலங்கைச் சட்டம் தந்திருக்கிற உரிமை. ஆனால் அந்த உரிமை வெல்வதும் தோற்பதும் வாகனத்தைக் கையேற்கும் அன்றைய தினம் கையில் வாங்கும் ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாளைத்தான் நாம் வாங்குவதில்லை. அவர்களும் தருவதில்லை.

முதலில் பொய்களைப் பார்ப்போம். ஆகப் பழையது மீட்டர் பொய். ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வாகனத்தின் மீட்டர் 68,000 என்று காட்டும். முன்பு முள்ளைச் சுற்றினார்கள், இப்போது லெப்டொப்பைச் சொருகி எண்ணை மாற்றுகிறார்கள். அடுத்தது வருடப் பொய். வாகனம் தயாரான வருடம் வேறு, இலங்கையில் முதன்முதல் பதிவான வருடம் வேறு. இலக்கத் தகட்டின் எழுத்தைக் காட்டி “புதுசு” என்பார் விற்பவர். அந்த எழுத்து பதிவான காலத்தைச் சொல்லுமே தவிர, ஜப்பானில் எத்தனை வருடம் ஓடிவிட்டு வந்தது என்பதைச் சொல்லாது. மூன்றாவது, விபத்தில் நொறுங்கியதை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிட்டு “ஒரு கீறல்கூட இல்லை” என்பது. ஜப்பான் ஏல நிலையங்களின் தாளில் விபத்தில் திருத்திய வாகனத்துக்கு ஆர் என்ற தரக் குறியீடு இருக்கும். அந்தத் தாள் வழியில் எங்கோ தொலைந்துபோகும். நான்காவது, லீசிங் கட்டி முடியாத வாகனத்தை “கிளியர்” என்று சொல்வது. ஐந்தாவதாக வெள்ளத்தில் கிடந்த வாகனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளம் வடிந்த பிறகு பழைய வாகனம் வாங்கும் எவரும் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் இடுக்கில் விரலை விட்டுப் பார்க்கவேண்டும். மேலே எவ்வளவு கழுவினாலும் அந்த இடுக்கில் காய்ந்த சேறு இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. நான் அறிந்த பழைய பாஸ்மார் பொனட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். சாரதியின் ஆசனப் பட்டியை அதன் அடி வரைக்கும் இழுப்பார்கள். அடியில் தைத்திருக்கும் சிறு துணிச் சீட்டில் பட்டி தயாரான காலம் அச்சிட்டிருக்கும். வாகனத்தின் வருடத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். பிறகு குனிந்து பிரேக் மிதியின் இறப்பரைப் பார்ப்பார்கள். மீட்டர் 60,000 என்று சொல்லும்போது மிதியின் இறப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தால் எது பொய் சொல்கிறது என்று கேட்கத் தேவையில்லை. கதவின் பிணைச்சல் ஆணிகளில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தக் கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கிவிட்டு அடித் தகட்டைத் தடவினால், கம்பெனி ஒட்டு எது, கராஜ் வெல்டிங் எது என்று கை சொல்லும். இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். எங்கள் வீதிகளில் ஸ்பிரிங்வெளிக்கோ நமுனுகுலவுக்கோ ஏறி இறங்கும் வாகனத்தில் இந்தப் பொய்கள் காசோடு நிற்பவை அல்ல. தேய்ந்த பிரேக்கும் ஒட்டுப்போட்ட செசியும் பள்ளத்தின் விளிம்பில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் பாஸைக் கூட்டிப்போய்ப் பார்த்தது வியாபாரிக்கே சாதகமாகிவிடுவதும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. விவரணத்தின்படி விற்ற பொருள் அந்த விவரணத்தோடு பொருந்த வேண்டும் என்பதும், அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும்போது அது விற்பனைத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதன் உள்ளார்ந்த நிபந்தனைகள். வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இரண்டாவது நிபந்தனை கைகொடுக்காது. முதலாவது நிபந்தனையோ பரிசோதனையால் அழிந்துவிடுவதில்லை. ஆகவே “நல்ல எஞ்ஜின்” என்ற பொதுப்பேச்சைவிட, “2015 தயாரிப்பு, 68,000 கிலோமீட்டர், விபத்தில்லாதது” என்ற திட்டவட்டமான வார்த்தைதான் உங்களுக்குப் பலம்.

130 வருடம் பழைய சட்டம் காருக்கு என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். அதன் தாய்ச் சட்டத்தை வைத்து இங்கிலாந்து நீதிமன்றங்கள் பழைய கார்களைப் பற்றித் தந்த தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டக்கூடியவை. அவற்றில் சில நேற்று ஒரு கார் சேலில் நடந்தது போலவே இருக்கும். 1965இல் வந்த தீர்ப்பு ஒன்று. ஒரு வியாபாரி பென்ட்லி கார் ஒன்றை, எஞ்ஜினும் கியர்பொக்ஸும் மாற்றிய பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்று சொல்லி விற்றார். உண்மையில் ஒரு இலட்சம் மைலுக்குக் கிட்ட ஓடியிருந்தது. தெரிந்துகொள்ளும் வசதி உள்ள வியாபாரி அப்படிச் சொன்னால் அந்தச் சொல் ஒப்பந்தத்தின் உத்தரவாதம் என்றது டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்கு எட்டு வருடம் முன்பு, 1957இல், இதே நீதிபதி இருந்த நீதிமன்றம் வேறு மாதிரித் தீர்ப்பளித்திருந்தது. தனியார் ஒருவர் தன் மொரிஸ் காரை 1948 மொடல் என்று ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார். அது 1939 மொடல். பதிவுப் புத்தகத்தை அவருக்கு முன்னால் யாரோ திருத்தியிருந்தார்கள். புத்தகத்தை நம்பி நல்லெண்ணத்தில் சொன்னவர் பொறுப்பாளி அல்ல, வாகனத்தை அறிந்த வியாபாரிதான் பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியிடம் நேரில் வாங்கிய ஆட்டோவுக்கும் கார் சேலில் வாங்கிய ஆட்டோவுக்கும் சட்டத்தில் உள்ள வித்தியாசம் இதுதான். வியாபாரியின் வாய்க்குப் பொறுப்பு அதிகம்.

எனக்குப் பிடித்த வழக்கு 1967ஆம் ஆண்டினது. 1961ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரல்ட் என்று விளம்பரம் போட்டு ஒரு கார் விற்கப்பட்டது. வாங்கியவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினார். பிறகு தெரிந்தது, அது ஒரு கார் அல்ல. இரண்டு கார்களின் பாதிகள். பின்பாதி 1961, முன்பாதி அதற்கு முந்திய மொடல், நடுவில் வெல்டிங். விற்றவருக்கே அது தெரியாது, அவர் வியாபாரியும் அல்ல. இருந்தும் விளம்பரத்தில் எழுதிய விவரணத்துக்கு அவர் கட்டுப்பட்டவர் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கொடுத்த விலையில் பழைய இரும்பின் பெறுமதியைக் கழித்து மீதியை வாங்கியவருக்குக் கொடுக்கச் சொன்னது. அரைவெட்டு வாகனங்களை ஒட்டி ஒன்றாக்கும் வித்தை தெரிந்த நாட்டில் வாழும் நமக்கு இதிலுள்ள பாடம் எளியது: விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வந்த விளம்பரமென்றால் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். வாகனம் விற்றதும் முதலில் காணாமல் போவது அந்த விளம்பரம்தான்.

பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் நட்டஈடு கேட்பதற்கும் இடையிலான கோடு மிக மெல்லியது. குறை தெரிந்த பிறகும் வாகனத்தை வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் நட்டஈடு கேட்கலாம், வாகனத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. குறை தெரியாமல் நாளைக் கடத்தினாலும் ஆபத்துதான். 1980களில் இங்கிலாந்தில் ஒருவர் புத்தம்புது நிசான் கார் வாங்கி மூன்று கிழமையில் 140 மைல் ஓடியபோது எஞ்ஜின் இறுகி நின்றுவிட்டது. திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அநியாயமான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். அங்கே பிறகு சட்டத்தை மாற்றினார்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், வியாபாரியிடம் வாங்கிய பொருள் சரியில்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமையைத் தருகிறது. பழைய காருக்கும் அது பொருந்தும். நாம் 1896இலேயே நிற்கிறோம். ஆகவே குறை தெரிந்த அன்றே வாகனத்தை நிறுத்துங்கள். சாவியை மாட்டிவிட்டு, “இந்த வாகனம் நீங்கள் சொன்னபடி இல்லை, ஏற்க மறுக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். போனில் போடும் சண்டை எந்த நீதிமன்றத்துக்கும் கேட்காது.

மாவட்ட நீதிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோகும் செலவும் காலமும் தோட்டக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் இன்னொரு கதவு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பத்திரிகையில் நாம் அடிக்கடி காண்பதெல்லாம் அதிகார சபை அரிசிக் கடையில் பாய்ந்தது, தேங்காய் எண்ணெயைக் கைப்பற்றியது என்பவைதான். அதனால் அது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமான சபை என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகளை வாசித்தால் அந்த எண்ணம் போய்விடும். வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை ஒன்று தடைசெய்கிறது. பொருளின் தரம், மொடல் போன்றவற்றைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதை மற்றது தடைசெய்கிறது. 13ஆம் பிரிவு இன்னும் முக்கியம். வெளிப்படையாகவோ உள்ளார்ந்தோ தந்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருளை விற்றால் அதிகார சபை விசாரிக்கலாம். இரு தரப்பையும் கேட்டபின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்கு உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணத்தைப் போல அதை அறவிடலாம். இதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று மாதத்தைத்தான் வியாபாரிகள் விழுங்குகிறார்கள். முதல் கிழமை போனால் “நம்ம பாஸ்கிட்ட விடுங்க தம்பி, பார்த்துத் தாறேன்” என்பார். பதினைந்து நாள் அவருடைய கராஜில் வாகனம் நிற்கும். திரும்பி வரும், அதே சத்தம். “பார்ட்ஸ் கொழும்பிலிருந்து வரணும்.” அப்புறம் சித்திரைப் புத்தாண்டு, வெசாக். “முதலாளி ஊரில் இல்லை.” சத்தம் போடாமல், மரியாதையாகவே, தேநீர் ஊற்றிக் கொடுத்தே தொண்ணூறு நாளையும் கடத்திவிடுவார்கள். தேநீரைக் குடியுங்கள், தப்பில்லை. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் குடியுங்கள். முறைப்பாடு கொடுத்த பிறகும் சமரசம் பேசலாம். பெரும்பாலும் கடிதம் போன பிறகுதான் உண்மையான சமரசப் பேச்சே தொடங்குகிறது.

இனி அந்தத் தாளின் கதைக்கு வருவோம். நம் நாட்டில் வாகனம் கைமாறும் முறை விசித்திரமானது. பழைய உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். இதுதான் ஓபன் பேப்பர். கார் சேல்காரர் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு வாகனத்தை விற்கிறார். அவருடைய பெயர் எந்த இடத்திலும் இல்லை. மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி உடைமை மாறினால் பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வருடக்கணக்காக, மூன்று நான்கு கைகள் மாறியும் முதல் ஆளின் பெயரிலேயே ஓடும் வாகனங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. பிரச்சினை வந்ததும் கார் சேல்காரர் சொல்வதைக் கேளுங்கள்: “நான் இடையில் நின்றவன், தம்பி. ஓனர் அவர். புத்தகத்தைப் பாருங்க, என் பேர் இருக்கா?” இருக்காது. நீங்கள் பணத்தைக் கொடுத்தது அவருக்கு. காகிதத்தில் விற்றவர் குருநாகலிலோ காலியிலோ இருக்கும், நீங்கள் முகம்கூடப் பார்க்காத ஒருவர். உங்கள் கையில் இருப்பதோ வாகன இலக்கத்தையும் தொகையையும் மட்டும் எழுதிய, யார் கையெழுத்தென்றே தெரியாத ஒரு பற்றுச்சீட்டு. சிலருக்கு அதுவும் இல்லை.

விற்றவர் யார் என்பதை நிறுவ முடியாதவருக்கு 1896ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றுதான். பொய் சொன்னதை நிறுவுவது இரண்டாவது கஷ்டம்; பொய் சொன்னவர்தான் விற்றவர் என்று நிறுவுவது முதல் கஷ்டம். பொலிஸுக்குப் போனாலும் இதே சுவரில்தான் முட்டுவோம். தண்டனைச் சட்டக் கோவையில் ஏமாற்றுதல் குற்றம்தான். ஏமாற்றிப் பொருளைப் பறித்தால் 403ஆம் பிரிவு. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாத வாகனப் பிணக்கு என்றால் “இது சிவில் விசயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடுவது பொலிஸ் நிலையங்களுக்கு எளிது.

லீசிங் எடுத்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது லீசிங் கம்பெனி. வியாபாரிக்குப் பணம் கொடுத்ததும் அதுவே. வாகனம் சொன்னபடி இல்லை என்று கோபத்தில் தவணையை நிறுத்தினால், கறுப்புப் பட்டியலில் ஏறுவதும் வாகனத்தை இழப்பதும் நீங்கள்தான். பொய் சொன்ன வியாபாரி முழுப் பணத்தோடு நிம்மதியாக இருப்பார். எனவே மறுப்புக் கடிதத்தின் பிரதி லீசிங் கம்பெனிக்கும் போக வேண்டும். தவணையைக் கட்டிக்கொண்டேதான் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும். கசப்பான விசயம், ஆனால் அப்படித்தான்.

மொழியையும் விட்டுவிட முடியாது. ஹாலிஎல உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அரச அலுவலகத்தில் தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது. அது எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய விசயம். கார் சேலுக்கோ அந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே நீட்டும் ஒப்பந்தம் சிங்களத்தில் இருக்கும், அடியில் ஒரு வரி: வாகனத்தைப் பரிசோதித்து, இருக்கும் நிலையில் ஏற்றுக்கொண்டேன். வாசிக்கத் தெரியாத வரியில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம். சிங்களம் சரளமாகப் பேசும் நம் இளைஞர்கள்கூட அந்தச் சிறு எழுத்தை வாசிப்பதில்லை. வியாபாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சந்தோசத்தில் கையெழுத்து வைக்கும் அவசரமும் நம்மிடம் இருக்கிறது. நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து வாகனம் எடுக்கிறவர்கள் அந்த நல்ல நேரத்துக்குள் தாளையும் வாசிக்கலாம்.

“விற்ற வாகனம் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பலகை மாட்டியிருப்பதைக் காட்டி வாங்கியவரை அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. பலகை எழுதிவிட்டால் பொய் சொல்லும் உரிமை வந்துவிடாது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தப் பலகையைக் காட்டலாம். ஏமாற்றும் நடத்தைக்கு எதிரான சட்டத்தை ஒரு வியாபாரி தன் சுவரில் ஆணி அடித்து இரத்துச் செய்ய முடியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனிநபர் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கும்வரை கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாடு தன்னிடம் இருந்த பழைய வாகனங்களையே சுற்றிச் சுற்றி விற்றது. ஒரு மாருதி 800 பத்து இலட்சத்தைத் தாண்டிய காலம் அது. அந்த வருடங்களில் வாங்குபவர் பேரம் பேசும் நிலையிலேயே இல்லை. “வேணாம்னா விடுங்க, பின்னால் ஆள் நிக்குது” என்பதுதான் பேச்சு. விலை ஏற ஏறப் பொய்யின் இலாபமும் ஏறியது. மீட்டரை எண்பதாயிரம் குறைத்தால் சில இலட்சம் கூடக் கிடைக்கிறதென்றால் குறைக்காமல் இருக்கும் நேர்மையான வியாபாரிதான் நட்டப்படுகிறார். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே இதை எழுதினார். வாங்குபவருக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வழி இல்லையென்றால், நல்ல வாகனம் வைத்திருப்பவர் சந்தையை விட்டே ஒதுங்கிவிடுவார், கெட்டவை மிஞ்சும் என்றார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பதுளையில் நேர்மையாகத் தொழில் செய்யும் கார் சேல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

பிற நாடுகள் இதைத் தீர்க்கக் கண்ட வழிகள் ஒன்றும் ஆகாயக் கோட்டை அல்ல. அமெரிக்கா 1972இலேயே மீட்டரைத் திருப்புவதைக் கூட்டாட்சிச் சட்டத்தால் தடைசெய்து, கைமாறும்போது ஓடிய தூரத்தை எழுத்தில் கொடுக்கச் சொன்னது. பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்பவர், அந்தக் கார் ஒவ்வொரு முறை கராஜுக்குப் போனபோதும் பதிவான தூரத்தைக் காட்டும் கார்-பாஸ் என்ற சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். நம் அயலில் இந்தியா, 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பதிவு செய்த பழைய வாகனங்களை விற்கும் வியாபாரிகள் அங்கீகாரச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. தங்களிடம் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு வாகனத்தையும் பதிவு அதிகாரிக்கு அறிவிக்கவும் வேண்டும். 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. இதன் பொருள், அங்கே வியாபாரி காகிதத்தில் முகம் காட்டியாக வேண்டும்.

இங்கே புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருள்களின் விற்பனை பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அதிகார சபைக்குத் தந்திருக்கிறது. ஒரே ஒரு பணிப்புரை போதும்: பழைய வாகனம் விற்கும் ஒவ்வொரு நிலையமும் தன் பெயர், வியாபாரப் பதிவு இலக்கம், வாகனத்தின் செசி இலக்கம், தயாரிப்பு வருடம், விற்கும் அன்று மீட்டரில் உள்ள தூரம், விபத்து, வெள்ளச் சேதம், லீசிங் நிலுவை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்றைச் சிங்களத்திலும் தமிழிலும் தரவேண்டும். அதோடு, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைக்குப் போகும் வாகனத்தின் மீட்டர் அளவைப் பதிந்து, வாங்க நினைக்கும் எவரும் பார்க்கும்படி வைத்தால் மீட்டர் வித்தைக்கே வேலை இல்லாமல் போகும். பிரித்தானியாவில் வருடாந்தப் பரிசோதனையில் பதிவாகும் தூரத்தை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இது வாக்கு வங்கி இல்லாத விசயமாகத் தெரியலாம். சேமலாப நிதியை ஒரு வானில் தொலைத்த குடும்பங்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவை என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

பணிப்புரை வரும்வரை அந்தத் தாளை நாமே கேட்டு வாங்க வேண்டும். கொப்பித் தாளில் எழுதினாலும் போதும். “அதெல்லாம் எழுதித் தரமாட்டோம்” என்று சொல்லும் இடத்தில் வாகனம் எடுக்காதீர்கள். அந்த மறுப்பைவிடத் தெளிவான பரிசோதனை அறிக்கை இல்லை. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லையென்றால் பற்றுச்சீட்டு, விளம்பரம், பதிவுப் புத்தகத்தின் பிரதி, பாஸ் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல் ஆகியவற்றோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பதுளை மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எப்படி எழுதுவதென்று தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.